ஏழு முடிச்சு

அப்பாவின் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அதில் ஏழு முடிச்சு. பார்த்ததுமே சரவணகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாப்பா இது?"

"கோயிலாண்ட பூ கட்டுற வேண்டா மந்திரிச்சுக் கட்டுனதுடா. இதுக்கப்புறந்தான் இருமல் கொறஞ்சுது. பதினாறு முடிச்சு வுழுந்தா சீக்கு போயிடும்னுச்சு" என்றார் ராஜாராம்.

"ஆஸ்பத்திரி மாத்திரைல டி.பி. கொறையுது. பேரு அவளுக்கா?"

மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் உதிரிபாகங்களைச் சோதிக்கிற வேலை அவனுக்கு. சந்தேகப்படத்தான் சம்பளம். அதில் தப்பில்லை. ஆனால் பழுதான சாமானைத் தூக்கி எறிகிற மாதிரியே மனுஷர்களையும் எறிந்து பேசுவான்.

அப்பாவைக் கையோடு இழுத்துக்கொண்டு அச்சரப்பாக்கம் அம்மன் கோயிலுக்குப் போனான். ஆடி ஞாயிறு, நல்ல கூட்டம். வாசலில் வேண்டா பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ எந்த காலேஜ்ல டாக்டருக்குப் படிச்ச?"

செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே கேட்டான். கூட்டம் சிரித்தது.

வேண்டா ராஜாராமை ஒருதரம் பார்த்தாள். "தம்பி, கொஞ்சம் தனியா வா. ஒண்ணு சொல்லணும்."

"தனியா இன்னா? இங்கயே சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் குனிந்து மறுபடி பூ கட்ட ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா? பதில் எதுனா இருக்குதா?"

அவளுடைய கத்தரியையே எடுத்து அப்பாவின் கயிற்றில் வைத்தான்.

"என்னை இன்னா வேணா திட்டிக்கோ தம்பி. கயித்த மட்டும் வுட்டுடு" என்று கும்பிட்டாள் வேண்டா.

கயிற்றை நறுக்கி அவள் காலடியில் போட்டான். "இனிமே எங்க வூட்டுப் பக்கம் வந்த, போலீசுக்குப் போவேன்."

வீடியோ ஊர் குரூப்பில் போனது. அன்று சாயங்காலம் அவள் இரண்டு தடவை போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை பிளாக் செய்துவிட்டான்.

ஐப்பசி பிறந்தபோது ராஜாராம் ரத்தம் ரத்தமாக இருமிச் செத்துப்போனார்.

காரியம் முடிந்த மறுநாள், சுகாதார நிலைய நர்ஸ் பிரபா துக்கம் விசாரிக்க வந்தார்.

"மாத்திரை சாப்ட்டுக்கினுதானே இருந்தாரு சிஸ்டர்? எல்லாம் அந்தக் கயித்துக்காரி கெடுத்தது."

பிரபா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கப்பா இங்கிலீஷ் மருந்தே தொட மாட்டேன்னாரு தம்பி. நான்தான் வேண்டாக்கா கால்ல வுழாத கொறையா கேட்டேன். மாத்திரை அட்டையைக் காலி பண்ணிக் கொண்டாந்து காட்டுனாத்தான் அது முடிச்சு போடும். அட்டைக்கு ஒரு முடிச்சு. அவரை வெச்சுக்கினு அதை எப்படித் தம்பி வெளிய சொல்லும்?"

"கயித்த நான்தான் அறுத்துப் போட்டேன்" என்றான் சரவணகுமார்.

"அதுக்கப்புறமும் என்கிட்ட அட்டை வாங்கிக்கினு போனாரு. முழுங்கறேன்னாரு. நானும் நம்பிட்டேன்" என்று அழுதார் பிரபா.

அவன் உள்ளே ஓடி அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தான். வேட்டிக்கு அடியில் மாத்திரை அட்டைகள். கம்பெனியில் பழகிய கை, பிரித்து வைத்து எண்ணியது.

காலி அட்டை ஏழு. பிரிக்காதது ஒன்பது.