தீட்டுக் குடிசை

இளைஞன் பதம் விடிவதற்கு முன் எழுந்தான். குழாயடியில் உறைந்திருந்த பனியைத் தட்டி உடைத்து ஒரு குடம் தண்ணீர் பிடித்தான். அடுப்பு மூட்டி இரண்டு வாற்கோதுமை ரொட்டி சுட்டான்.

தட்டை எடுத்துக்கொண்டு வயல்களுக்குக் கீழே இருந்த தீட்டுக் குடிசைக்குப் போனான். வாசல் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். வீட்டுக்குத் தூரமான பெண்கள் தங்கும் இடம். உள்ளே இருப்பவர்மேல் கை படக்கூடாது.

கதவிடுக்கில் ஒரு கை நீண்டு தட்டை இழுத்துக்கொண்டது.

"டேய் பதம், இன்னிக்கும் உப்புப் போடலையாடா?" என்றது ஓர் ஆண்குரல்.

"சாமி உத்தரவு, சித்தப்பா."

விறகுக் கூடையோடு போன ஜௌகலா நின்றாள். "தலைவரே, வயித்துவலி எப்படி இருக்கு? வெந்நி ஒத்தடம் வேணுமா?"

கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சிரிங்கடி. ஜெயிச்சுட்டு வரேன், அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

வார்டு தலைவர் நந்தபீருக்கு அது நாலாவது நாள். இன்னும் ஓர் இரவுதான் பாக்கி.

பழைய சாமியாடி இறந்ததிலிருந்து மலைச்சாமி யார்மேலும் இறங்காமல் இருந்தது. போன பௌர்ணமியில் பதத்தின்மேல் இறங்கியது. அவன் ஆடிக்கொண்டே முற்றத்தைத் தாண்டினான். காயப்போட்டிருந்த மிளகாயில் ஒன்றுகூட மிதிபடவில்லை. ஜனங்கள் அதையும் அற்புதம் என்றார்கள்.

சாமி நேராக நந்தபீரிடம் வந்து நின்றது. "அவ செத்த குடிசையில அஞ்சு ராத்திரி கிட. அப்புறம் உனக்குக் கை காட்டலாமான்னு பாக்கறேன்."

அந்த வார்டில் சாமி கை காட்டும் ஆளுக்குத்தான் ஓட்டு. தேர்தலுக்கு அதிக நாள் இல்லை. நந்தபீர் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

'அவ' என்றால் தன்சரா, பதத்தின் மனைவி. போன குளிர்காலத்தில் அவன் மாவட்டத் தலைநகருக்குப் பரீட்சை எழுதப் போயிருந்தான். அவன் திரும்புவதற்குள், இந்தக் குடிசையில் குளிருக்கு மூட்டிய நெருப்பின் புகையில் மூச்சு முட்டி அவள் இறந்திருந்தாள்.

போலீசுக்கு நந்தபீர்தான் வாக்குமூலம் கொடுத்தார். யாரும் போகச் சொல்லவில்லை, அவளே போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள் என்றார். தீட்டு இடம் என்பதால் போலீஸ்காரரும் வாசலோடு நின்றுவிட்டார்.

பதம் காலித் தட்டுக்காகக் காத்திருந்தான்.

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லடா" என்றார் நந்தபீர். "காத்துல கதவு ஆடிக்கிட்டே இருக்கு. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்கூடக் கிடையாது. கல்லை முட்டுக் குடுத்துத்தான் படுத்தேன்."

பதம் கதவைப் பார்த்தான். வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று தொங்கியது.

"அப்படியா சித்தப்பா" என்றான். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த நாள் காலையில் நந்தபீர் ஓடையில் குளித்து, நடுங்கிக்கொண்டே கோயில் முற்றத்துக்கு வந்தார். வார்டு முழுவதும் கூடியிருந்தது. தேர்தல் காவலுக்கு வந்த போலீஸ்காரரையும் பதம் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான்.

முரசு அடித்தார்கள். பதத்தின் தோள் குலுங்கியது, தலை சுழன்றது. சாமி வந்துவிட்டது.

"கிடந்தேன் சாமி. அஞ்சு ராத்திரி" என்று கும்பிட்டார் நந்தபீர். "கை காட்டணும்."

"ஒண்ணே ஒண்ணு கேப்பேன். அவ கடைசியா என்ன சொன்னா?"

"நானே தாழ்ப்பாள் போட்டுக்கறேன், நீங்க போங்கன்னு சொன்னா சாமி."

"எந்தத் தாழ்ப்பாள்?"

நந்தபீர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

"அதானே!" என்றாள் ஜௌகலா. "நாங்க காலங்காலமா படுக்கறோம், உள்ளே ஏது தாழ்ப்பாள்?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" சாமி அரிசியை வாரி அவர் முகத்தில் அடித்தது. "உன் வாயால சொல்லு. எங்கிட்டப் பொய் சொன்னா உன் வம்சமே விளங்காது!"

நந்தபீர் அப்படியே சரிந்து சாமியின் காலைப் பிடித்துக்கொண்டார். மண்ணில் முகம் புதைத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முரசு அடித்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

பதத்தின் ஆட்டம் சட்டென்று நின்றது. தோளில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டான்.

"எழுதிக்கங்க சார்" என்றான், தன் சொந்தக் குரலில்.

போலீஸ்காரர் விழித்தார். "சாமி சொன்னதையா?"

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, அதான் கேட்டேன். இவர் சொன்னதை எழுதுங்க."

நந்தபீர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்தவரைச் சுற்றிப் பெண்கள் நின்றுகொண்டார்கள்.

போலீஸ்காரர் பேனாவை எடுத்தார். "அந்தப் பொண்ணு கடைசியா சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

நந்தபீர் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாமா, வெளியில தாழ் போடாதீங்க... நான் ஓடிப் போக மாட்டேன்."