கீரைப் பைத்தியம்

"நம்ம வீட்ல ஆடு மாடு எதுவும் இல்லையே, இத்தனை கீரை யாருக்காம்?"

இளைய மருமகள் கேட்டது ஃப்ரிட்ஜிடம். அவளும் மூத்த மருமகளும் ஒரே சமையலறையில் நின்று சமைத்தாலும், பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மிக்ஸி ஜாடி ஒன்று உடைந்ததில் ஆரம்பித்த சண்டை.

"கீரை கண்ணுக்கு நல்லது. முடி கொட்டாது. வயிறு சுத்தமாகும்," என்று மூத்தவள் வாணலிக்குப் பதில் சொன்னாள்.

கீரை என்றாலே காத தூரம் ஓடியவள் அவள். இப்போது மத்தியானம் ஒரு கிண்ணம், ராத்திரி ஒரு கிண்ணம். எலுமிச்சம்பழம் பிழிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டாள்.

"உங்க அண்ணிக்கு இந்த வயசுல அழகு ராணிப் பட்டம் வாங்கணுமாம்," என்று இளையவள் புருஷனிடம் நொடித்தாள். "நான் இங்க ஆபரேஷனை நெனச்சு சோறு இறங்காம கெடக்கேன். எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கேட்டா நீ பதில் சொல்லிடுவியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வயிற்றிலிருந்த கட்டியை எடுக்கும் நாளும் வந்தது. நினைத்ததைவிட நேரமானாலும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் இளையவள் கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். மாமியார் இருந்தார், மாமனார் இருந்தார்.

"பாத்தீங்களா, உங்க அண்ணி எட்டிக்கூடப் பாக்கல," என்றாள் பக்கத்தில் நின்ற புருஷனிடம். "சாகக் கெடந்தாலும் அவங்களுக்கு அவங்க உடம்புதான் முக்கியம்."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான்.

டிரிப்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பினாள்.

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்களே, அவங்களையா சொல்றீங்க? உங்களோட ரத்த வகை கெடைக்கிறதே கஷ்டம். அவங்களுக்கும் அதே வகைதான். ஆனா மொதல் தடவை வந்தப்ப, 'உங்களுக்கே ரத்தம் பத்தாது, எடுக்க முடியாது'ன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். மாத்திரையோட கீரையும் தெனம் சாப்பிடுங்க, சாப்பிட்டதும் காபி கூடாதுன்னதும் அவங்க முகம் போன போக்கைப் பாக்கணுமே! 'அவகிட்ட சொல்லிடாதீங்க, தெரிஞ்சா வேண்டாம்னுடுவா'ன்னாங்க. நேத்து உங்களுக்கு ஏத்தினது அவங்க ரத்தம்தாம்மா."