நெமலிகுட்டாவுக்கு நாள் குறித்தது

“ஆட்சேபனை!” என்று மங்கையர்க்கரசி மறுபடியும் எழுந்து நின்றார்.

வனத்துறையின் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இது நாற்பத்தேழாவது தடவை. அவர் முதல் தடவை எழுந்தபோது இளைஞர்களாக இருந்தவர்களுக்கு இப்போது தலை நரைத்திருந்தது.

வன அதிகாரி சந்திரமோகனின் மேசையில் காடுகளுக்கான பத்தாண்டுத் திட்டம் கிடந்தது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். எந்தக் காட்டில் எந்த வருஷம் எதை வெட்டுவது, எதை நடுவது என்று எல்லாம் அதில் இருந்தது. நகரத்தின் ஓரத்தில் உப்பலைத் தாண்டியிருக்கும், தெலுங்கில் மயில்குன்று என்று பேர் வாங்கிய நெமலிகுட்டா காட்டுக்கு முதல் வருஷமே மொட்டை. அப்புறம் வரிசையாகத் தைலமரம்.

கோடையில் இலை உதிர்ந்து நின்றதையெல்லாம் செத்த மரம் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு முடி கொட்டினால் உங்களையும் அப்படியே எழுதலாமா என்று கேட்டார் மங்கையர்க்கரசி. மயில்களெல்லாம் உங்கள் வீட்டு மொட்டைமாடிக்குக் குடிவரட்டுமா என்றார்.

ஒவ்வொரு ஆட்சேபனையையும் பதிவு செய்தாக வேண்டும். குமாஸ்தாவுக்கு மூன்று பேனா தீர்ந்தது. பக்கத்து அறையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

“வெட்டுறதுன்னு மேலேயே முடிவாயிடுச்சு. என்னால ரத்து பண்ண முடியாதும்மா. உங்களுக்கு என்னதான் வேணும்?” என்று சந்திரமோகன் தெலுங்கில் கெஞ்சினார்.

“வெட்டுங்க, யார் வேணாம்னது? முதல் வருஷம் மட்டும் நக்கோ, வேண்டாம். பத்தாவது வருஷம்னு போடுங்க.”

அவர் வாய் மூடுவதற்குள் அதிகாரி திருத்தி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டார். அடுத்த நொடி அறையில் ஆள் இல்லை.

படிக்கட்டில் சுஷ்மா தமிழில் வெடித்தாள். காட்டை வெட்டக் கூடாதென்று கொண்டாப்பூரில் வீடு வீடாக ஏறி, எட்டு மாதம் கையெழுத்து வாங்கியவள்.

“வெட்டுங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்களே ஆன்ட்டி! இதுக்கா இவ்வளவு சண்டை?”

மங்கையர்க்கரசி கைப்பிடியைப் பிடித்தபடி நிதானமாக இறங்கினார்.

“இதே ஆபீஸ்ல முப்பத்திநாலு வருஷம் வரைபடம் போட்டவ நான். புதுசா வந்த இவருக்கு அது தெரியாது. போன மூணு திட்டத்துலயும் நெமலிகுட்டாவை வெட்டணும்னுதான் இருக்கு. மூணுலயும் பத்தாவது வருஷம். யார் போட வெச்சதுன்னு மட்டும் கேக்காதே.”

“சரி, பத்தாவது வருஷம் வந்தப்ப என்ன ஆச்சு?”

“என்ன ஆகும்? எல்லாரும் அடுத்த திட்டம் எழுத உட்கார்ந்துட்டாங்க.”