பாட்டில் தண்ணீர்

ட்ரெட்மில்லில் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. தம்பிக்கு நாக்கு தள்ளியது.

மூன்று மாதமாக இதே கூத்துதான். பஸ் ஓட்டிப் பிழைக்கிறவன். தான் ஓடுவான் என்று கனவிலும் நினைத்ததில்லை.

அக்காவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. குடும்பத்தில் இவனுடையது மட்டும்தான் பொருந்தியது. ஆனால் அதில் கொழுப்பு படிந்து கிடந்தது. அது குறையாமல் இவன் மேல் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஜிம்மில் முதல் நாளே பயிற்சியாளர் பாடம் எடுத்தார்.

“உடம்பு சரியான சோம்பேறி சார். கைக்கு எட்டுற சர்க்கரையைத்தான் முதல்ல எரிக்கும். அது குறையக் குறையத்தான் கொழுப்பு மேல கை வைக்கும்.”

அதனால்தான் விடிந்ததும் வெறும் வயிற்றோடு ஓட்டம். கூடவே ஒரு பாட்டில் தண்ணீர். அதை மனைவி நிரப்பி, மூடியை இறுக்கி, பையில் வைத்துவிடுவாள். அந்த நேரத்தில் மட்டும் அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

இரண்டு முறை ஸ்கேன் எடுத்தாயிற்று. கொழுப்பு இம்மியும் அசையவில்லை. இவ்வளவு ஓடியுமா என்று டாக்டரே குழம்பிப் போனார். நாளை மூன்றாவது ஸ்கேன். அதற்கு மேல் அக்காவுக்கு நாள் இல்லை.

செல்போனில் வீடியோ கால் வந்தது. திரையில் அக்கா. முகம், கண் எல்லாம் மஞ்சள். தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டுவிடுவாள். அதிகம் பேசத் தெம்பு இருக்காது, அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். பக்கத்துப் படுக்கைக்காரியிடமும் போனைத் திருப்பிக் காட்டுவாள். அவ்வளவு பெருமை.

இருபதாவது நிமிடம். அவனுக்கு மூச்சு இரைத்தது.

“போதும்டா தடியா, தண்ணியக் குடிச்சிட்டு ஓடு” என்றாள் அக்கா.

வேகத்தைக் குறைத்து பாட்டிலைத் திறந்தான். ஏறுவதற்கு முன்பே பாதி குடித்திருந்தான்.

தண்ணீர் இன்றும் இனித்தது. மனைவி குளுக்கோஸைத் தாராளமாகவே கலந்திருந்தாள்.

இதைப் பற்றி அவளிடம் அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இரண்டாம் நாள் பயிற்சியாளரிடம் மட்டும், யாருக்கோ கேட்பதுபோல, ஓடும்போது குளுக்கோஸ் குடித்தால் என்னாகும் என்று கேட்டுவைத்தான். உடம்பு அதையே எரித்துக்கொண்டு கொழுப்பை விட்டுவிடும் என்றார் அவர்.

கத்தியை நினைத்தால், மனைவியைவிட அவனுக்குத்தான் பயம் அதிகம்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.