முப்பத்துநாலு படி

"உனக்கு எதுக்குக்கா கடல் பார்த்த வீடு? முழங்கால் வலிக்காரி நீ!"

ஹால்வார் கத்தியது கீழே பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். காதில் விழாதவன் மாதிரி நான் அளவைக் கருவியை முக்காலியில் பொருத்தினேன். நார்வேயில் மோல்டே நகராட்சியில் நில அளவையாளன் நான். இருபத்தாறு வருஷமாக எல்லை ஆணி அடிக்கிறேன். ஆணி இறங்கும்போது கூடப்பிறந்தவர்கள் சிரித்துப் பேசி ஒருநாளும் பார்த்ததில்லை.

அவர்களுடைய அம்மா போன பிறகு பூட்டிக் கிடந்த மர வீடு அது. உளுத்துப்போனதை இடித்துவிட்டு, சரிவு மனையை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்து ஆளுக்கொரு வீடு கட்டப் போகிறார்கள். தம்பி ஹால்வார் கோடு போட வேண்டும், அக்கா குன்வோர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் கேக்கை அப்படித்தான் பங்கு போட்டார்களாம்.

தம்பி கோடு போட்ட லட்சணம் எனக்குத் தெரியும். மேல் பாதியில் நாற்பது சதுர மீட்டர் கூடுதல். அக்கா படியேற மாட்டாள், ரோட்டோரக் கீழ் பாதியைத்தான் கேட்பாள் என்று அவனுக்கு நினைப்பு.

அக்கா மேல் பாதியைக் கேட்டுவிட்டாள்.

"முப்பத்துநாலு படி. தினம் ஏறுவியா?"

"ஏறுவேன்."

"நீ ஒண்டிக்கட்டை. எங்களுக்கு அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம். நாளைக்குப் பேரன் பேத்தி வந்தா பஸ்ஸைத்தான் வேடிக்கை பார்க்கணுமா?"

"பார்க்கட்டுமே. பஸ்ஸுன்னா குழந்தைங்களுக்குக் கொள்ளைப் பிரியம்."

ஹால்வார் என் பக்கம் திரும்பினான். "பார்த்தீங்களா சார்? எவ்வளவு பேராசைன்னு!"

எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவன் மனைவி யோருன் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கையெழுத்துப் போடும்போது பேனா கைநழுவி விழுந்தது. குன்வோர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஒவ்வொரு ஆணியையும் உரியவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கடைசி ஆணி மேலே பாறையில். குன்வோர் என்னோடு ஏறி வந்தாள். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். இந்த லட்சணத்தில் மேல் வீடு கேட்கிறதா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இறங்கியதும் பழைய சமையலறையில் காபியும் வாஃபிளும் வைத்தார்கள். புதுக் கோடு சரியாக அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே போகிறது. ஹால்வார் எதையும் தொடவில்லை. காரில் போய் உட்கார்ந்து ஹாரன் அடித்தான்.

நானும் காகிதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்த பிறகுதான் சுத்தியல் ஞாபகம் வந்தது. திரும்பிப் போனால், சமையலறையில் அழுகைச் சத்தம்.

"முடியல அண்ணி. இன்னைக்கே அவர்கிட்ட சொல்லிடறேன். எனக்காக நீங்க பேராசைக்காரின்னு பேர் வாங்கணுமா?"

"பொண்ணு கல்யாணம் முடியறவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்னு என் கையைப் பிடிச்சு அழுதது யாரு? நீதானே? அவன் திட்டினா திட்டிட்டுப் போறான். என் தம்பிதானே."

"டாக்டர் சொன்னது ஒருவேளை தப்பாக்கூட இருக்கலாம் அண்ணி."

"இருக்கட்டும். தப்பா இருந்தா ரெண்டு பேரும் மேல உட்கார்ந்து கடலைப் பார்த்துக் காபி குடிப்போம்."

"உங்க முழங்கால்..."

"என் முழங்கால் முனகிக்கிட்டாவது படியேறிடும், யோருன். உன் சக்கர நாற்காலி ஏறாது."