ஐந்தாவது பொத்தான்

ஐந்தாவது பொத்தான் துளைக்குள் பாதி நுழைந்திருந்தது. சித்தப்பாவின் வலது கை அதைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருக்க, அவள் சட்டென்று குனிந்து தானே மாட்டிவிட்டாள்.

"போதும் சித்தப்பா, கை வலிக்கப் போகுது."

"நீ இருக்கறப்ப எனக்கென்னம்மா கவலை?" என்றார் சித்தப்பா.

யாராவது பார்த்திருந்தால் என்ன பாசமான பெண் என்று மெச்சியிருப்பார்கள். அவளுக்கோ அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

ஆக்குபேஷனல் தெரபி படிப்பில் சேரப் பல்கலைக்கழகம் கேட்டவற்றில் முக்கால்வாசி அவளிடம் தயாராக இருந்தன. மதிப்பெண் இருந்தது, சிபாரிசுக் கடிதம் இரண்டு இருந்தன, 'நான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன்' என்று இரண்டு பக்கம் உருகி உருகி எழுதியும் ஆயிற்று. பாக்கி நூறு மணி நேரம். கை விளங்காமல் போன ஒருவர் உடுத்தவும் உண்ணவும் மறுபடி கற்றுக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, பார்த்ததைத் தாளில் எழுதி, தெரபிஸ்ட்டிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

அதற்கு அவள் ஊரெல்லாம் அலையவில்லை. மாடியில் தனியாக இருந்த சித்தப்பா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆறு மாதத்துக்கு முன்பு பக்கவாதத்தில் விழுந்து எழுந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், விளங்காத வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டி, "எடுத்துக்கோ, உனக்காகத்தான் வாங்கி வச்சிருக்கேன்" என்றார்.

சித்தப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் முதல் நாளே அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கறாராகச் சொல்லிவிட்டார். "நீ பார்க்கத்தான் வர்றே, உதவி செய்ய இல்ல. உதவி பண்ணிப் பண்ணியே ஒரு கையைக் கெடுத்துடலாம். அஞ்சு பட்டனையும் அவரே போட்ட அன்னைக்கு அவருக்குப் பயிற்சி முடிஞ்சுது, உன் கணக்கும் அதோட சரி. நூறு ஆகலைன்னா வேற ஆளைப் பிடிச்சு ஒண்ணுலேருந்து ஆரம்பி."

அந்தத் தாளைச் சித்தப்பாவின் ஃப்ரிட்ஜ் கதவில்தான் ஒட்டி வைத்திருந்தாள். ஐந்தாவது பொத்தான் நுழையப் பார்த்தது எழுபத்தெட்டாவது மணி நேரத்தில். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பன்னிரண்டு நாள் தள்ளி இருந்தது. புது ஆளுக்கு அவள் எங்கே போவாள்? 'நான்கு பொத்தான்கள். ஐந்தாவதற்கு உதவி தேவைப்பட்டது' என்று எழுதினாள். எழுதும்போது பேனா அவளுக்கே கனத்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலமானால் சீட்டாட்டக் கூட்டாளிகள் சித்தப்பாவுக்குப் போன் செய்வார்கள். "சட்டை மாட்டிவிட ஆள் வேணுங்கற நிலைமையில அங்க வந்து உக்கார மாட்டேன்டா. கை சரியாகட்டும், வர்றேன்" என்று அவர் சொல்வது மாடிப்படியில் நிற்கும் அவளுக்குக் கேட்கும். அன்றைக்கு அவள் சும்மா இருந்திருந்தால் அவர் இந்நேரம் அங்கே சீட்டைக் கலைத்துக்கொண்டிருப்பார்.

அதைவிட மோசம், அதற்குப் பிறகு அவர் விரல்கள் நான்காவது பொத்தானைத் தாண்டவே இல்லை. தெரபிஸ்ட் சொன்னது போலவே கையைக் கெடுத்துவிட்டோம் என்று அவள் பயந்தாள். ஒருவழியாக நூறு மணி நேரம் நிறைந்தது. "நல்ல பொறுமைம்மா உனக்கு. இந்தப் படிப்புக்கு அதுதான் வேணும்" என்று தெரபிஸ்ட் பாராட்டிக் கையெழுத்துப் போட்டபோது, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் மாடியேறிக் கதவைத் தட்டினாள். சித்தப்பா சாவகாசமாக வந்து திறந்தார். சட்டை திறந்து கிடந்தது. மேசையில் ஒரு ஆரஞ்சுப் பழம் உரித்து வைத்திருந்தது, தோல் அறுபடாமல் ஒரே சுருளாகப் பக்கத்தில் கிடந்தது.

"என்னம்மா நேரங்கெட்ட நேரத்துல? உக்காரு, பழம் எடுத்துக்கோ."

"வேண்டாம் சித்தப்பா. உங்களுக்கு நான் துரோகம் பண்ணிட்டேன்."

"ஏன், என் டீத்தூளைத் தூக்கிட்டுப் போயிட்டியா?"

"விளையாடாதீங்க." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் சொன்னாள். "அன்னைக்கு அஞ்சாவது பட்டனை நீங்களே போட்டிருப்பீங்க. போட்டா எழுதணும், எழுதினா என் கணக்கு அங்கேயே நின்னுடும். அதான் குறுக்க வந்து நானே போட்டுட்டேன். அதுலேருந்து உங்க கையும் முடங்கிப் போச்சு. நான் இந்தப் படிப்புக்கே லாயக்கில்ல. இன்னைக்கே தெரபிஸ்ட்கிட்ட சொல்லி, கையெழுத்தை அடிக்கச் சொல்லிடறேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். தயங்கி நிமிர்ந்து பார்த்தபோது, பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவர் மாதிரி சித்தப்பா திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவள் எதிரே நின்று, சட்டையைக் குனிந்துகூடப் பார்க்காமல், வலது கையால் மேலிருந்து கீழ்வரை ஐந்து பொத்தானையும் போட்டு முடித்தார். பத்து விநாடிகூட ஆகவில்லை.

"போன மாசமே வந்துடுச்சும்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "அன்னைக்கு ஏதோ ஞாபகத்துல, கை அது பாட்டுக்கு உள்ள தள்ளப் பார்த்துது. நல்ல வேளை, நீ தடுத்தே."