அதிர்ஷ்ட நாற்காலி

கிரிக்கெட் மைதானம் வந்தால் சுற்றுலா வளரும், ஊருக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். கூரை போடும்போது என் கணவர் இருளாண்டி விழுந்து இறந்தார். வருகிறவர்களுக்கு மைதானத்தைச் சுற்றிக்காட்டும் வேலையை எனக்குத் தந்தார்கள்.

பார்வையாளர் நாற்காலிகள் எல்லாம் வெளிர் நீலம்; அவர் மேலே விழுந்ததில் நொறுங்கிய நாற்காலிக்குப் பதிலாகப் போட்டது மட்டும் அடர்ந்த நீலம். சுற்றிப் பார்க்க வந்த எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள்.

“அதிர்ஷ்ட நாற்காலின்னு சொல்லுங்கக்கா. விபத்தே இல்லாம கட்டினதுன்னும் சேத்துக்குங்க,” என்றார் மேனேஜர்.

ஏழு மாதம் சொன்னேன். வரிசையில் நின்று அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று ஒரு புதுப்பெண், “நான் உக்காரட்டுமாக்கா?” என்றாள். அவள் உட்காருவதற்குள் நானே அதில் உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜர் ஓடி வந்தார். “எந்திரிங்கக்கா, ஜனங்க நிக்கிறாங்க.”

“இங்க விழுந்தது யாருன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க சார். எந்திரிக்கிறேன்.”

வரிசை முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது.